கையைத் தூக்கி நின்ற பாப்பா

அந்த வீடியோக்களில் சத்தம் இல்லை.

முதலாவதில் ஒரு சமையலறை. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் இரண்டு வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தை நிற்கிறது. பக்கத்தில் நரைத்த தலையுடன் ஒருவர். அவருடைய ஒரு கை ஃப்ரிட்ஜ் கதவின் மேல் இருக்கிறது. குனிந்து குழந்தையிடம் ஏதோ சொல்கிறார். வாய் ஒரே ஒரு முறை திறந்து மூடுகிறது, அதட்டுவதுபோல. உடனே குழந்தை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறது. தூக்கியபடி அசையாமல் நிற்கிறது. அவர் அந்தக் கைகளையே உற்றுப் பார்க்கிறார். அத்துடன் படம் நின்றுவிடுகிறது.

இரண்டாவதில் பால்கனிக் கதவு. மூன்றாவதில் துணி அலமாரி. அதற்கடுத்து பாத்ரூம் வாசல். இடம்தான் மாறுகிறது. அவர் வாய் திறக்கிறார், குழந்தை கையைத் தூக்குகிறது. மொத்தம் பதினோரு வீடியோக்கள்.

திருவேற்காட்டில், ஒன்பதாவது மாடியில், முன்பின் தெரியாத வீட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்து, சுவர் அகல டிவியில் அவற்றைப் பார்த்தேன். ஏசி குளிரில் என் கழுத்து மட்டும் வியர்த்திருந்தது. வீடு முழுக்க குழந்தைப் பவுடர் வாசனை.

அந்த நரைத்த தலை என் அப்பாவுடையது.

படித்துக் காட்டும் வழக்கம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் அப்பாவைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதை எங்கே வேண்டுமானாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

பத்திரிகை வந்ததும் அப்பா முகம் கழுவி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். முதலில் என் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். 'செல்வி' என்ற அந்த எழுத்துகள் மட்டும் அவருக்கு அடையாளம் தெரியும். பிறகு நான் படிப்பேன். நடுவில் திருத்துவார். எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்த கதையைப் படித்தபோது, "முட்டி வரைக்குமா? இடுப்பு வரைக்கும்மா. நீ என் தோள் மேல கீற, உனுக்கு இன்னா தெரியும்" என்றார்.

அவர் கேட்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். இந்த அத்தியாயத்தை இத்தனை வாரம் தள்ளிப்போட்டதற்கும் அதுதான் காரணம்.

காக்கியும் நீலமும்

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்தார். இரும்புத் தகட்டை உள்ளே வைத்து, காலால் பெடலை மிதித்தால், மேலேயிருந்து பெரிய எடை இறங்கி ஒரே அடியில் வடிவம் வெட்டும். பவர் பிரஸ் என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்து அவர் அந்த மெஷினோடுதான் இருந்தார். அதற்கு அவர் கொடுத்தது இடது கையில் இரண்டு விரல்களின் நுனி.

ஒரு நாள் முதலாளியின் பிள்ளைகள் ஷெட்டை விற்றுவிட்டார்கள். அந்த வரிசையில் இருந்த ஷெட்டுகள் எல்லாம் போய்க் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. அவற்றில் ஒன்றின் மூன்றாவது மாடியில் இப்போது நான் வேலை பார்க்கிறேன். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவர் காக்கிச் சட்டையோடு டீ குடித்த மரம் தெரியும்.

அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் சும்மா உட்கார அவருக்குத் தெரியவில்லை. திருவேற்காட்டில் புதிதாக எழும்பிய ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். நீலச் சட்டை, விசில், தொப்பி. எங்கள் வீடு இருக்கும் கள்ளிக்குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அயனம்பாக்கம் வழியாகப் போய்வருவார்.

அங்கே ஒன்பதாவது மாடியில் சுகன்யா, பிரவீன் என்று ஒரு தம்பதி. சுகன்யா கோயம்புத்தூர்ப் பக்கம், பிரவீன் திருச்சி. இருவரும் ஐடி. அவர்களுடைய பெண் ஆதிரா அப்போது சுவரைப் பிடித்து நிற்கும் வயது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாக்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு ஊரில் பேத்தி பிறந்தது, இன்னொருவர் சொல்லாமலே நின்றுவிட்டார்.

கீழே தோட்டத்தில் யார் தூக்கினாலும் அலறும் அந்தக் குழந்தை, கேட்டருகே வந்தால் மட்டும் அப்பாவின் விசிலைப் பிடித்து இழுத்துச் சிரிக்குமாம். ஒரு காலை, ஆயா வராமல் ஆபீஸ் மீட்டிங்கோடு தவித்த சுகன்யா அரை மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் அரை நாளானது. குழந்தை அப்பாவின் தோளிலேயே தூங்கிவிட்டது.

மறுவாரம் ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடித்த தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு அப்பா சொன்னார்:

"நாளைலேந்து யூனிபார்ம் வாணாம்மா. அந்த ஒம்போதாவது மாடிப் பாப்பாவ நான்தான் பாத்துக்கப் போறேன்."

எனக்குப் புரியவில்லை.

ஆம்பள ஆயா

தெருவுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. அவருடைய பழைய கூட்டாளி ஏழுமலை மாமா வாசலில் நின்று சத்தமாகவே கேட்டார்: "இன்னா மாமே, பிரஸ் ஓட்ன கையால பவுடர் போட்றியாமே. பால் பாட்டில் எங்க, இட்ப்புல சொருவிக்கினியா?"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்: "உனுக்கும் யாரோ கழுவி வுட்டுத்தானே வளந்த? அவங்க இன்னா பிரஸ்ஸா ஓட்னாங்க?"

டீக்கடையில் அவருக்கு 'ஆம்பள ஆயா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அதற்கும் சிரித்தார். சிரிக்காதவள் நான்தான்.

அலுவலகப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் நான் 'ஓய்வு, பொறியியல் நிறுவனம்' என்று போட்டிருந்தேன். செக்யூரிட்டி என்பதைச் சொல்லவே எனக்கு நாக்கு எழவில்லை. இப்போது இது. ஐம்பத்தைந்து வயது தாண்டிய மனுஷர், மீசையோடு, அடுத்த வீட்டுக் குழந்தைக்கு டயப்பர் மாற்றுகிறார். எழுதவே கூசும் ஒரு வார்த்தையை அன்று சொன்னேன்: "இதுக்காப்பா என்னைப் படிக்க வச்சீங்க?"

ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நானும் தெருவில் எல்லாரையும்போல அவரை 'நைனா' என்றுதான் கூப்பிட்டேன். கல்லூரிக்குப் போன வருடம் 'அப்பா' ஆனது. 'நீ' எப்போது 'நீங்கள்' ஆனது என்று ஞாபகமில்லை. அவர் இரண்டையும் ஒன்றும் கேட்காமல் ஏற்றுக்கொண்டார்.

அன்றும் கோபப்படவில்லை. "உன்ன படிக்க வச்சது உனுக்கு. இந்த வேலைக்குப் போறது எனுக்கு" என்றார். அவ்வளவுதான்.

அவசரத்துக்கு ஒரு நம்பர் வேண்டும் என்று சுகன்யா கேட்டபோது அப்பா என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ஏழெட்டு மாதம் அந்த வீட்டிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. வந்த அன்று மத்தியானம் நான் அலுவலகத்தில் தயிர் சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"நீங்க அவரோட பொண்ணுங்களா? உடனே கொஞ்சம் வர முடியுங்களா? போன்ல வேண்டாங்க." சுகன்யா பேசினார். பின்னால் ஓர் ஆண் குரல் எதையோ வேண்டாம் என்றது.

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றுதான் நினைத்தேன். ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று இப்போதும் தெரியாது. குடியிருப்பின் கேட்டருகே அப்பா, தன் பழைய நாற்காலியில், இப்போதைய செக்யூரிட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழுசாக இருந்தார்.

"இன்னாம்மா, நீ எங்க இங்க?" என்றார். "என்ன கீழ குந்துன்னு சொன்னாங்க. பாப்பா தூங்குது. எந்திரிச்சா பால் காச்சணும்."

அவரை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் மேலே போனேன்.

டிவியில் ஓடியது

வீட்டில் ஆள் அசைந்தால் தானாகப் படம்பிடித்துப் போனுக்கு அனுப்பும் சின்ன கேமராக்களை அறைக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். பிரவீன் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால், அவருடைய ஆபீஸ் பேச்சு பதிவாக வேண்டாமென்று மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள். தினமும் வரும் துண்டுப் படங்களை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முந்தின நாள் மாலை சுகன்யா பீரோக் கதவைச் சாத்தப் போயிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஆதிரா சட்டென்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்தாளாம். சுகன்யாவுக்கு அதன் பிறகு தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்க விழித்துப் பழைய படங்களைத் தேடிப் பதினொன்றைப் பொறுக்கி எடுத்திருந்தார்.

"எங்க ஸ்கூல்ல இப்படித்தாங்க நிக்க வைப்பாங்க" என்றார். கண் சிவந்திருந்தது. "என் கொழந்த என்னங்க தப்பு பண்ணுச்சு? அதுக்கு தப்புன்னா என்னன்னே தெரியாதுங்க."

பிரவீன் தன் போனைக் காட்டினார். குடியிருப்போர் சங்கத்தின் குழுவுக்கு எழுதிய ஒரு செய்தி, கூடவே அப்பாவின் போட்டோ. இந்த ஆளை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள், குழந்தையைத் தண்டிக்கிறார் என்று. இன்னும் அனுப்பவில்லை. அந்தக் குழுவில் முந்நூறு வீடு. அது போய்ச் சேர்ந்தால் திருவேற்காட்டில் இருந்து அம்பத்தூர் வருவதற்கு அரை நாள்கூட ஆகாது.

"உங்களைக் கேட்காம அனுப்ப வேண்டாம்னு நான்தான் நிறுத்தி வச்சேன்" என்றார். "அவர் உங்களை வளர்த்தவர். நீங்க சொல்லுங்க."

நான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா என் மேல் ஒரு முறைகூடக் கை வைத்ததில்லை என்று. நான் தூங்கும்போது மின்விசிறிக் காற்று நேரே படாமல் சேலையை மறைப்பாகக் கட்டிவிட்டு ராத்திரி ஷிப்டுக்குப் போனவர் என்று.

அதெல்லாம் எனக்கு ஞாபகமே வரவில்லை. மூன்றாவது வீடியோ முடிவதற்குள் நான் நம்பிவிட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

எட்டாம் வகுப்பு வராந்தா

அவ்வளவு சீக்கிரம் நம்பியதற்குக் காரணம் உண்டு. அந்த நிலை எனக்கு நன்றாகத் தெரியும்.

எட்டாம் வகுப்பில் நான் அப்படி நின்றிருக்கிறேன். வகுப்புக்கு வெளியே, வராந்தாவில், சுவரைப் பார்த்து. முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு தோள்பட்டையில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பிறகு கை தன்னுடையதே இல்லை என்றாகிவிடும். சுண்ணாம்பு வாசனையும் பக்கத்துப் பம்ப் செட் சத்தமும். போகிற வருகிற சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

அந்த வருடம் ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் நின்றேன். மதிப்பெண் குறைந்ததற்காக இல்லை. நான் முதல் மூன்று இடத்துக்குள் வருவேன். ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து வாங்கி வராததற்காக.

அப்பாவால் கையெழுத்துப் போட முடியாது. ஊதா மையில் கட்டைவிரலை அழுத்தி வைப்பார். ஏழாம் வகுப்பு வரை அப்படித்தான் கொண்டுபோனேன். ஒரு நாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி அதைப் பார்த்துவிட்டாள். 'இது என்னடி, ரேஷன் கார்டா?' என்றாள்.

அதன் பிறகு கார்டை வீட்டில் காட்டவே இல்லை. மறந்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொல்வேன். அவர் வெளியே நிற்கச் சொல்வார். இரண்டு கையையும் தூக்கி நிற்பேன். மூன்றாம் நாள் நானே ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பேன். கட்டைவிரல் ரேகையைவிட வலிக்கிற தோள் எனக்குப் பரவாயில்லை என்றிருந்தது.

அந்த வீடியோவில் நான் பார்த்தது அந்த வராந்தாவை.

கதவருகே ஒரு கேள்வி

அப்பாவை மேலே கூப்பிட்டார்கள். செருப்பை வெளியே விட்டு, மிதியடியிலேயே நின்றார். உள்ளே வரும்படி யாரும் சொல்லவில்லை.

"பாப்பா எந்திரிச்சிடுச்சா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

பிரவீன் முதல் வீடியோவை ஓடவிட்டார். அப்பா கழுத்தை நீட்டிப் பார்த்தார். முதலில் கண்ணைச் சுருக்கினார். பிறகு, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் முகம் மலர்ந்தது.

"நம்ம ஃப்ரிட்ஜாண்ட. அட, டிவியில வருது." என் பக்கம் திரும்பினார். "பாத்தியா செல்வி, எவ்ளோ அழகாத் தூக்குது. ஒரு தபா சொன்னா போதும் அதுக்கு."

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிரவீன் வீடியோவை நிறுத்தினார். எழுந்து நின்றேன். நான் எப்படிக் கேட்டேன் என்பதை அப்படியே எழுதுகிறேன்:

"நீ எதுக்கு நைனா அந்தக் குழந்தையைக் கையைத் தூக்க வச்சே?"

அவர் என்னைப் பார்த்தார். கேள்வியே விளங்காதவர்போல.

"இன்னாம்மா கேக்குற? கதவு சாத்தும்போது கை எங்க கீதுன்னு பாக்க வாணாவா?"

நாங்கள் கேட்பது அவருக்குப் புரியவில்லை என்பதால் அவரே மேலும் சொல்லிக்கொண்டு போனார். பிரஸ் ஷாப்பில் பெரிய மெஷினில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் பெடலில், இன்னொருவர் தகடு எடுத்து வைப்பவர். அவருடைய விரல் போன அன்று, பெடலில் இருந்தவன் பார்க்காமல் மிதித்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு அந்த மெஷினில் அவர் ஒரு வழக்கம் வைத்தார். பெடலில் இருப்பவன் "கை" என்று கத்த வேண்டும். எதிரில் இருப்பவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். இரண்டும் கண்ணில் பட்ட பிறகுதான் மிதிக்க வேண்டும்.

"அதுக்கப்புறம் ஷெட்டு மூட்ற வரைக்கும் என் மெஷின்ல ஒரு வெரல் போவல" என்றார்.

இடது கையை அவர் எப்போதும் மடக்கியே வைத்திருப்பார். அன்று விரித்துப் பிரவீன் முன்னால் நீட்டினார். "இந்த ஊட்டுக் கதவெல்லாம் ஒரே கனம் சார். காத்து அடிச்சா தானா சாத்திக்குது. பாப்பா எந்நேரமும் சந்துலயே கைய வுடுது. அதுக்கு கதவு பக்கம் போவாதன்னா புரியாது. கைய காட்டுன்னா புரியும்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதை வீட்டில் சொன்னார். அந்த வீடு முழுக்க முட்டி போட்டுத் தவழ்ந்து பார்த்தாராம், குழந்தை உயரத்திலிருந்து. விரல் மாட்டுகிற இடம் பத்தொன்பது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனைப் பார்த்தபடி 'ம்' போட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்போ அது பனிஷ்மென்ட் இல்லீங்களா?" என்றார் சுகன்யா.

"இன்னாது?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தால் கையைத் தூக்கி நிற்க வைப்பார்கள், அதனால்தான் அவர்கள் பயந்துவிட்டார்கள் என்றேன்.

அப்பா அந்த டிவியைத் திரும்பப் பார்த்தார். அதில் குழந்தை கையைத் தூக்கியபடி உறைந்து நின்றது. அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல வடிவதை நான் பார்த்தேன். எங்கள் எல்லாருக்கும் மத்தியானமே வந்த அதிர்ச்சி அவருக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. தான் எதற்காகக் கீழே உட்கார வைக்கப்பட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் பாப்பாவ தண்டிச்சேன்னு நெனச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர்களைப் பார்த்துத்தான் கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

நான்கு பேரின் கைகள்

உள்ளறையில் குழந்தை எழுந்து அழுதது. சுகன்யா போய்த் தூக்கி வந்தார். தூக்கக் கலக்கத்தோடு "தாத்தா" என்று அது தாவியது. சுகன்யா விடவில்லை. நம்புவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். வீடியோவில் சத்தம் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை. இப்போது அப்பாவின் வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது.

அப்பா காத்திருக்கவில்லை. "நான் வர்றேம்மா. பால் மேல் தட்டுல கீது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டினார். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று செருப்பின் வாரை இழுத்தேன். பிரவீன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், கதவைச் சாத்தப் பிடித்தார்.

"கை."

ஆதிராவின் குரல். அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, கதவுக்கு நேரே வந்து நின்றிருந்தது. இரண்டு கைகளும் தலைக்கு மேல். முகத்தில் பயம் துளியும் இல்லை. வேலைக்காரர்களை மேய்க்கும் மேஸ்திரியின் முகம். தன் அப்பாவையே பார்த்தது.

பிரவீன் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"நீ கேக்கணும் சார்" என்றார் அப்பா, வெளியே நின்றபடி. "கதவ புட்ச்சவங்கதான் கேக்கணும். நீ கேக்கல. அதான் அது கேக்குது."

சொல்லிவிட்டு அவர் தன் இரண்டு கைகளையும் தூக்கினார். எட்டு விரலும் இரண்டு மொட்டை விரலும். குழந்தை தலையை ஆட்டிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. சுகன்யா அழுத முகத்தோடு கையைத் தூக்கினார். பிரவீன் கதவை விட்டுவிட்டு, இது தன் வேலையா என்று தெரியாதவர்போல, அவரும் தூக்கினார்.

குழந்தை இன்னும் கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். நிலையைப் பிடித்திருந்த என் இடது கையின் நான்கு விரல்களும் கதவின் கீல் இடுக்குக்குள் இருந்தன.

விரல்களை வெளியே எடுத்தேன். இரண்டு கைகளையும் தூக்கினேன். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் அப்படி நிற்பது அன்றுதான். அன்று என் தப்பு என்ன என்று எனக்குத் தெரியும்.

பிரவீன் என் கண்முன்னால் போனை எடுத்து அந்தச் செய்தியையும் போட்டோவையும் அழித்தார். சுகன்யா அப்பாவிடம் என்னவோ சொல்ல முயன்று, கடைசியில், "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருவீங்கள்ல?" என்று கேட்டார்.

"வருவேன்" என்றார் அப்பா. "அந்த கேமராப் பொட்டில சத்தத்த வை மா. நான் இன்னா சொல்றேன்னு நீ கேக்கணும்."

வீடு திரும்பும்போது

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழக்கமாக, 'லாரி வருது, ஓரமா போ, பிரேக் புடி' என்று வழி முழுக்கப் பேசுவார். அன்று பேசவில்லை. அயனம்பாக்கம் ஏரிக் காற்று அடித்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நான் நம்பினேனா என்று அவர் கேட்பார், கேட்டால் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. ஏரி தாண்டியதும் என் தோள் பக்கம் குனிந்தார்.

"உன்ன அப்டி நிக்க வச்சாங்களாம்மா, இஸ்கூல்ல?"

"ம்."

"எத்தினி தபா?"

"கொஞ்சம் தபாதான் நைனா."

சிறிது தூரம் போனோம். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. டிவி முன்னால் நின்றபோதுகூட அது அவ்வளவு வாடவில்லை. என்னைப் படிக்க அனுப்பிய இடத்தில் எனக்கு இப்படி ஒன்று நடந்தது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

"சொல்லவே இல்லியே நீ" என்றார். "நீ இன்னா தப்பு பண்ண?"

"கிளாஸ்ல பேசிக்கினு இருந்தேன், அதுக்குத்தான்" என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நீ பேசுவ. உங்கம்மா மாதிரி" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அத்துடன் அது முடிந்துபோனது.

இப்போதும் எட்டு மணிக்குப் போகிறார். ஆதிரா ஓடுகிறாள், ஆனால் கதவு என்றால் நிற்கிறாள். என் அலுவலகப் படிவத்தைத் திருத்தினேன். தந்தை தொழில்: குழந்தை பராமரிப்பு.

ஆனால் ஸ்கூட்டரில் சொன்னது பொய். ரேங்க் கார்டை மறைத்தது, கட்டைவிரல் ரேகைக்கு வெட்கப்பட்டது, அவர் கையெழுத்தை நானே போட்டது எதுவும் அவருக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் கழுவி, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவார். என் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

இதையும் அவருக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். ஒரு வரிகூட விடாமல்.